கொக்கிக்குப் பூட்டு

பறிப்பு முடிந்து மாலையில் திரும்பும் பெண்கள், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் வாசலில் நின்று கையை நீட்ட வேண்டும். தோட்டத்துக்குச் சொந்தக்காரரான அந்த அம்மா ஒவ்வொரு கையாகப் பிடித்து மோந்து பார்ப்பார். நாள் முழுக்க ஏலக்காய் பறித்த கையில் ஏலக்காய் வாசம் வராமல் வேறு என்ன வாசம் வரும்? பேச்சி என்ற பறிப்புக்காரி ஒருநாள் இதை முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள்.

“பறிச்ச வாசம் வேற, பதுக்குன வாசம் வேற” என்றார் அந்த அம்மா. “ஒனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கையக் காட்டு.”

பேச்சி கையைக் காட்டினாள். மோந்து பார்த்துவிட்டு, “இடது கையி” என்றார்.

நான் அவரிடம் மூன்று வருஷத்துக்குச் சற்றுக் குறைவாக ஜீப்பு ஓட்டினேன். எழுபதுகளின் கடைசி அது. எனக்கு அப்போது இருபத்தாறு, இருபத்தேழு வயது. அவருக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். வீடு போடியில்; ஏலத்தோட்டம் போடிமெட்டைத் தாண்டி அந்தப் பக்கச் சரிவில். கணவர் இல்லை. தோட்டத்தை அவரே நடத்தினார். அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், “என் பேர ஒனக்கு யாரு சொன்னது?” என்று எங்கிருந்தாவது கேட்டுவிடுவார்.

எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் வரும் சொல், “யாரு பாத்தா?” என்பதுதான்.

“மலையில நல்ல மழைம்மா.”

“யாரு பாத்தா?”

“நான்தாம்மா. இப்ப அங்கருந்துதான வர்றேன்.”

“நீ நனையலயே.”

“ஜீப்புக்குள்ள இருந்தேம்மா.”

“அப்ப ஜீப்பு நனைஞ்சிருக்கணும்.” எழுந்து வாசலுக்கு வந்து, பானெட்டில் விரலை வைத்துப் பார்ப்பார். வரும் வழியில் வெயிலில் காய்ந்திருந்தால் என் பாடு அவ்வளவுதான். அவரைப் பொறுத்தவரை அன்றைக்கு முழுவதும் மலையில் மழை பெய்யவில்லை.

கோவிலுக்குப் போனால் ஒரு செருப்பைத் தெற்கு வாசலிலும் இன்னொன்றை மேற்கு வாசலிலும் விட்டுவிட்டு உள்ளே போவார். ஒற்றைச் செருப்பை எவன் எடுப்பான் என்பது கணக்கு. சாமி கும்பிட்டுவிட்டு ஒரு காலில் செருப்போடு சுவரைச் சுற்றி நடந்து வரும்போது பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களையும் ஒருமுறை நின்று பார்த்து வைத்துக்கொள்வார்.

போடிமெட்டில் ஒரு மலையாளத்துக்காரர் டீக்கடை வைத்திருந்தார். அந்த அம்மாவுக்கு டீ ஆற்றினால் முதல் மடக்கை அவரே வேறு டம்ளரில் ஊற்றிக் குடித்துக் காட்ட வேண்டும். அவர் கோபித்துக்கொள்வதே இல்லை. “சேச்சிக்கு எப்பவும் சந்தேகமாணு” என்று சொல்லிக்கொண்டே குடிப்பார். அந்த அம்மா காசில் ஓசி டீதானே. பிற்பாடு அந்த அம்மாவின் ஜீப்பு நிற்கும் சத்தம் கேட்டாலே தமக்கும் சேர்த்து ஒரு டம்ளர் எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டார்.

ஏன் இப்படி ஆனார் என்பதற்கு ஊரில் இரண்டு மூன்று கதைகள் உண்டு. கொழுந்தன்மார் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்பார்கள். பிறந்த வீட்டிலேயே அப்படித்தான், தாய்ப்பாலையே யோசித்துத்தான் குடித்திருக்கும் என்று பேச்சி சொல்வாள். எனக்கு எதுவும் நிச்சயமாகத் தெரியாது. ஆனால் சில விஷயங்களில் அவர் சந்தேகம் தப்பாகவும் இருந்ததில்லை. அதையும் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் இருந்த டிரைவர், ஏலக்காய் ஏற்றிய டிரெய்லரை மெட்டுக்குப் பக்கத்தில் கழற்றி நிறுத்திவிட்டு, டிரெய்லர் டயர் பஞ்சர், ஒட்டிக்கொண்டு வருகிறேன் என்று ஜீப்பை மட்டும் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான். திரும்பி வந்து மாட்டிக்கொண்டு போடி வந்து சேர்ந்தபோது, இரண்டு மூடைகளில் மேலே ஒரு சாண் ஏலக்காயும் கீழே முழுக்க மரத்தூளும் இருந்தன. அந்த அம்மா ஒவ்வொரு மூடையாகக் கையை முழங்கை வரை விட்டுப் பார்க்கிறவர். அதனால்தான் தெரிந்தது.

அந்த இடத்துக்குத்தான் நான் வேலைக்குப் போனேன்.

எனக்கு யாருடைய கண்ணையும் பார்த்துப் பேச வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். யாராவது கேள்வி கேட்டால் பதில் தொண்டைக்கு வந்து நின்றுவிடும். மற்ற இடத்தில் இதை அடக்கம் என்பார்கள். அந்த அம்மா முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். “என்னமோ உள்ள வச்சிருக்கான் இவன். மொகத்தப் பாக்க மாட்டேங்கிறான்” என்று பேச்சியிடம் சொன்னாராம். ஜீப்பில் அவர் உட்காரும் பக்கத்தில் இரண்டாவதாக ஒரு கண்ணாடியை மாட்டச் சொன்னார். சாலையைப் பார்ப்பதற்கு இல்லை. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே நானும் டிரெய்லரும் தெரிய வேண்டும். அதற்குத் தகுந்த மாதிரி அதைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

ஜீப்பு பழையது. மிலிட்டரியில் ஏலம் விட்டதை வாங்கி, பின்னால் இருந்த கூண்டை அறுத்துவிட்டு, தகட்டில் சின்னதாக ஒரு தொட்டி கட்டியிருந்தார்கள். நாலைந்து பேர் உட்காரலாம். மூடை அடுக்கினால் ஐந்துக்கு மேல் நிற்காது. அதனால் லோடெல்லாம் டிரெய்லரில்தான். தொட்டி குட்டையாக இருந்ததால் டிரெய்லர் ஜீப்பின் முதுகை ஒட்டிக்கொண்டே வரும். நேர்ரோட்டில் ஒன்றுமில்லை. மெட்டுப் பாதையில் பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் டிரெய்லரின் மூலை வந்து தொட்டியில் இடிக்கும். பின்விளக்கு உடைந்து உடைந்து, கடைசியில் விளக்கே இல்லாமல் ஓடினேன். நானே வேண்டுமென்று இடிக்கிறேனோ என்று அவருக்கு முதலில் ஒரு யோசனை இருந்தது. ஒருநாள் வளைவில் இறங்கி நின்று, என்னை மூன்று முறை ஜீப்பை ஏற்றி இறக்கச் சொல்லிப் பார்த்தபிறகு, டிரெய்லர் மாட்டும் கொக்கியை மாற்றச் சம்மதித்தார்.

போடியில் பெரிய பட்டறைகள் இரண்டு மூன்று இருந்தன. நான் வழக்கமாகப் போகும் பட்டறைக்கு அவர் வரவில்லை. நான் போகாத ஒரு பட்டறையைத் தேடிப் பிடித்தார். அங்கே இருந்த மேஸ்திரி என்னை முன்னே பின்னே பார்த்ததில்லை என்று சொன்னார். அதையும் அந்த அம்மா அவரிடம் இரண்டு முறை கேட்டார். வந்தவுடன் ஒரு முறை, அரை மணி கழித்து வேறு பேச்சுக்கு நடுவில் ஒரு முறை.

மேஸ்திரி ஜீப்பைச் சுற்றி வந்து, சாக்கட்டியால் தரையில் படம் போட்டார்.

“அம்மா, மூணு வழி இருக்கு. இருக்குற கொக்கி இருக்குற எடத்துலயே இருக்கட்டும். டிரெய்லரு மூக்குல ரெண்டு மூலையையும் சாய்ச்சு அறுத்துருவோம். இடிக்காது.”

“என் டிரெய்லர அறுக்குறதுக்கா ஒன்னத் தேடி வந்தேன்? அறுத்த தகட்ட யாரு வச்சுக்குவா?”

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“சரி, ரெண்டாவது. தொட்டிக்குள்ள, பின்சக்கரத்து அச்சுக்கு நேர் மேல ஒரு தட்டு வச்சுக் கொக்கிய அதுல மாட்டுவோம். பெரிய லாரிக்கெல்லாம் அப்பிடித்தான். கனம் பூராவும் சக்கரத்து மேல உக்காரும். ஏத்தத்துல ஜீப்பு மூக்கத் தூக்காது. எறக்கத்துல தள்ளாது. இதுதாம்மா நல்ல வேலை.”

“அப்ப அதச் செய்யி.”

“ஒரு சிக்கல் இருக்கு. ஒங்க தொட்டி குட்டை. வளைவுல ஒடிச்சா டிரெய்லரு மூக்கு டிரைவரு முதுகுல வந்து நிக்கும். அதுக்கு, தட்ட ரெண்டு தண்டவாளத்து மேல வச்சிருவோம். வளைவு வர்றதுக்கு முன்னாடி எறங்கி, இந்த நெம்புகோல இழுத்தா, தட்டு ஒரு மொழம் பின்னால போயிரும். வளைவு தாண்டுனதும் முன்னால தள்ளிக்கிறலாம்.”

“யாரு எறங்குறது?”

“டிரைவருதான்.”

“ஒவ்வொரு வளைவுலயுமா?”

“ஆமா.”

“பதினேழு வளைவுலயும் இவன் எறங்கி டிரெய்லருக்கிட்டப் போவான்?”

“போகணும்ல.”

“போயி என்ன செய்வான்?”

“நெம்புகோல இழுப்பான்ம்மா.”

“யாரு பாத்தா?”

மேஸ்திரி சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டார். நல்ல வேலை என்று அவர் சொன்னது அந்த இடத்தோடு முடிந்தது. எனக்கும் அந்தத் தண்டவாளம் பிடித்திருந்தது. சொல்ல நினைத்தேன். சொன்னால் நான் இறங்குவதற்கு ஆசைப்படுகிறேன் என்று ஆகும்.

மூன்றாவது வழிதான் மிஞ்சியது. பம்பருக்குக் கீழிருந்து பின்பக்கமாக ஒரு முழ நீளத்துக்கு இரும்புக் கை நீட்டி, அதன் நுனியில் கொக்கி. டிரெய்லர் தள்ளி வரும்; வளைவில் இடிக்காது; யாரும் இறங்க வேண்டியதில்லை. ஆனால் கனமெல்லாம் சக்கரத்துக்கு வெளியே தொங்கும். ஏற்றத்தில் ஸ்டியரிங் லேசாகிவிடும். பின்னுக்கு எடுக்கும்போது டிரெய்லர் நாம் நினைக்கிற பக்கம் போகாது. மேஸ்திரி எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மா கேட்டுக்கொண்டார்.

“இதையே போடு. கொக்கியில பூட்டு மாட்டுற மாதிரிப் போடு.”

கொக்கியில் விரல் கனத்துக்கு ஒரு இரும்பு பின் இறங்கும். அதுதான் டிரெய்லரைப் பிடித்திருப்பது. அந்தப் பின்னின் அடியில் ஓட்டை போட்டுப் பூட்டு மாட்ட வேண்டும். சாவி தம்மிடம் இருக்கும் என்றார்.

“அம்மா, அது மட்டும் வேணாம்” என்றார் மேஸ்திரி. “மலை ரோடு. ஆபத்துன்னா ஒரு தட்டு தட்டுனா பின்னு கழண்டு வந்துரணும். பூட்டுப் போட்டா, டிரெய்லரு போற எடத்துக்கு ஜீப்பும் போகும்.”

“ஜீப்பு போனா இவனும் போவான்ல” என்றார் அந்த அம்மா. “அப்ப ஒழுங்கா ஓட்டுவான்.”

கோபமாகச் சொல்லவில்லை. மிளகாய் நன்றாகக் காய்ந்திருக்கிறது என்பதைப் போலச் சொன்னார். மேஸ்திரி மறுபடி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது இரக்கமா சிரிப்பா என்று பார்ப்பதற்குள் நான் ஜீப்பின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பித்தளைப் பூட்டு ஒன்று வந்தது. சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். தோட்டத்தில் மூடை ஏற்றி, டிரெய்லரை மாட்டி, அவரே பூட்டி இழுத்துப் பார்ப்பார். போடியில் வீட்டு வாசலில் அவரே திறப்பார். நான் தள்ளி நிற்க வேண்டும்.

முதல் மாதம் முழுவதும் ஒவ்வொரு வளைவிலும் மேஸ்திரி சொன்னது காதில் கேட்டது. என் மனைவியும் தோட்டத்தில் பறிப்புக்குப் போகிறவள். சனிக்கிழமைகளில் மற்ற பெண்களோடு அந்தத் தொட்டியில்தான் உட்கார்ந்து வருவாள். அவள் சிரிப்பு பின்னால் கேட்கும். அதற்கும் பின்னால் டிரெய்லர் பூட்டோடு வந்துகொண்டிருக்கும்.

மழைக்காலத்தில் பூட்டுக்குள் சேறு புகுந்து திறக்கவில்லை. அந்த அம்மா இழுத்துப் பார்த்து, விரல் வலித்து, “என் கண்ணு முன்னாடி தொற” என்று சாவியை என் கையில் கொடுத்தார். மண்ணெண்ணெய் கொண்டுவரச் சொல்ல அவர் தலை திரும்பிய நேரம் கொஞ்சம்தான். என் மடியில் ஒரு சோப்புத் துண்டு இருந்தது. சாவியை அதில் இந்தப் பக்கம் ஒரு அழுத்து, அந்தப் பக்கம் ஒரு அழுத்து. அந்தச் சோப்பு தற்செயலாக மடியில் இருந்தது என்று சொல்ல ஆசைதான். பத்து நாளாக அதை வைத்துக்கொண்டுதான் சுற்றினேன்.

தேனிச் சந்தையில் குடைக்குக் கீழே உட்கார்ந்து சாவி போடுகிற ஒருவன் சோப்பில் இருந்த அச்சைப் பார்த்து, “யாரு வீட்டுதுண்ணே?” என்று கண்ணடித்தான். கேட்டதற்கு மேல் காசு கொடுத்து, அவன் செய்த சாவியை வாங்கிக்கொண்டு வந்தேன். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எனக்கு வளைவுகளில் பயம் இல்லை. அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால்தான் பயம். கண்ணாடியில் அவர் கண் என் இடுப்பில் இருப்பதுபோலவே இருக்கும். இரண்டு வருஷம் இப்படிப் போனது.

அந்த ஐப்பசியில் தீபாவளிக்கு முந்தின நாள், பெண்களை ஊருக்கு இறக்கிவிட வேண்டும். தொட்டியில் பேச்சி, என் மனைவி, தேவாரம் ஊர்ப் பெண்கள் இருவர். டிரெய்லரில் ஒன்பது மூடை ஏலக்காய். முன்னால் அந்த அம்மா. காலையில்தான் மழை விட்டிருந்தது. மெட்டைத் தாண்டி ஆறேழு வளைவு இறங்கியிருப்போம். வளைவு திரும்பியதும் ரோட்டில் பாதிக்கு மேல் மண் சரிந்து கிடந்தது. பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டேன். ஓரமாக ஜீப்பு நுழைய இடம் இருந்தது. ஆனால் அதற்குக் கொஞ்சம் பின்னால் எடுத்து, ஒடித்து வர வேண்டும்.

பின்னால் எடுத்தேன். டிரெய்லர் அது நினைத்த பக்கம் போனது. ரோட்டோரத்துக் கல்லை மழை ஏற்கெனவே தின்றிருந்தது. டிரெய்லரின் ஒரு சக்கரம் இறங்கியது. அப்புறம் இன்னொன்று. ஜீப்பு ஒருமுறை முனகிவிட்டு, பின்பக்கமாக ஒரு சாண் நகர்ந்து நின்றது. என் கால் பிரேக்கின் மேல் இருந்தது. ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான்.

பெண்கள் எழுந்துவிட்டார்கள்.

“யாரும் எறங்காதீக. அப்பிடியே உக்காருங்க. நீங்க எறங்குனா பின்சக்கரம் பிடிக்காது” என்றேன். என் வாயிலிருந்து அவ்வளவு சத்தமாக வந்தது எனக்கே புதிது. பேச்சி மற்றவர்களைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். “உக்காருங்கடி. அவுக சொல்றாகள்ல.”

அந்த அம்மாவை என் இருக்கைக்கு நகர்ந்து வரச் சொல்லி, என் காலை எடுக்கும் முன்பே அவர் காலைப் பிரேக்கின் மேல் வைக்கச் சொன்னேன். வைத்தார். நன்றாக அழுத்தி மிதித்தார். நான் இறங்கிக் கிடைத்த கல்லைச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தேன். ஈர மண். கல் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு கொக்கிக்கு ஓடினேன். இரும்புக் கை வளைந்து நின்றது. பூட்டு மினுமினுவென்று இருந்தது.

“அம்மா, சாவியக் கொடுங்க. டிரெய்லர விட்றணும்.”

அவர் டிரைவர் பக்கத்துக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“ஒம்பது மூடை” என்றார்.

“ஜீப்பு போகுதும்மா.”

“நான் வந்து தொறக்குறேன்.”

“நீங்க கால எடுத்தா எல்லாரும் போயிருவோம். சாவியக் கழத்திப் பேச்சிக்கிட்டக் கொடுங்க.”

அவர் கை கழுத்துக்குப் போனது. கயிற்றைப் பிடித்தது. அங்கேயே நின்றது. எனக்கு இன்றைக்கும் அந்தக் கை தெரிகிறது. மண் சரிந்தது நிஜமா, டிரெய்லர் இறங்கியது நிஜமா, கீழே யாராவது காத்திருக்கிறார்களா என்று எல்லாவற்றையும் அவர் அந்த நேரத்தில் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “யாரு...” என்று ஆரம்பித்தார்.

ஜீப்பு இன்னொரு நாலு விரல் நகர்ந்தது. தொட்டியில் என் மனைவி பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

நான் வேட்டியை ஒதுக்கி, அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அறுத்து எடுத்தேன். கண்ணாடியில் அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கிறார் என்று தெரிந்துதான் செய்தேன். பூட்டு ஒரே திருப்பில் திறந்தது. அதைச் சரிவில் வீசிவிட்டு, பின்னைக் கீழிருந்து கம்பியால் அடித்தேன். மூன்றாவது அடியில் துள்ளிப் போனது. டிரெய்லர் இறங்கியது. மரம் முறியும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. ஜீப்பு ஒரு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஏலக்காய் வாசம் ஏறி வந்தது.

ஒவ்வொருவராக இறங்கினார்கள். தேவாரத்துப் பெண் ஒருத்தி ரோட்டில் உட்கார்ந்து அழுதாள். அந்த அம்மா காலைப் பிரேக்கிலிருந்து எடுக்கவே இல்லை. பேச்சிதான் போய்க் காலைத் தூக்கி எடுத்துவிட்டாள். அந்த அம்மா இறங்கி வந்து ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தார்.

“கீழ எந்த ஊரு?” என்றார்.

“ஊரு இல்லம்மா. காடுதான்.”

“காட்டுல ஆளு இல்லன்னு யாரு பாத்தா?”

சரிந்த மண்ணுக்கு ஓரமாக நுழைந்து, மெதுவாக இறங்கிப் போடி வந்து சேர்ந்தோம்.

வீட்டுக்குப் போனதும் என் மனைவி தண்ணீர் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும் வரை நின்றாள். “எங்கிட்டகூடச் சொல்லலயே. இன்னும் என்னென்ன வச்சிருக்கீக?” என்றாள். விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

தீபாவளி கழிந்து கூப்பிட்டு அனுப்பினார். முன் அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சரிவில் தேடப் போனவர்கள் கிழிந்த சாக்குகளோடு அந்தப் பூட்டையும் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். அதை மடியில் வைத்திருந்தார்.

“எப்பச் செஞ்ச?”

“ரெண்டு வருசமிருக்கும்மா.”

“எத்தன தடவ தொறந்த?”

“அன்னைக்கி மட்டுந்தாம்மா.”

“அதுக்கு முன்னாடி ஒரு தடவகூடத் தொறக்கல.”

“இல்லம்மா.”

அது அவருக்கே தெரியும். ஒவ்வொரு மூடையிலும் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தவர் அவர்தான். இரண்டு வருஷத்தில் ஒரு பிடி குறைந்ததில்லை. பூட்டை அமுக்கிப் பூட்டினார். கழுத்துச் சாவியால் திறந்தார். மறுபடி பூட்டினார்.

“திருடுறவன எனக்கு வெளங்கும்” என்றார். “ஒருத்தன் குடிக்க எடுப்பான். ஒருத்தன் பிள்ளைக்கு மருந்துன்னு எடுப்பான். என்ன வேணும்னு தெரிஞ்சு போகும். சாவிய இடுப்புல கட்டிக்கிட்டு ரெண்டு வருசம் சும்மா இருந்தவன எனக்கு வெளங்கல. நீ எதுக்குக் காத்திருந்த?”

“உசுருக்குப் பயந்தும்மா.”

“யாரு உசுருக்கு?”

“எல்லாரு உசுருக்கும்.”

“அப்ப எங்கிட்ட வந்து சொல்லியிருக்கணும். ‘பூட்டு வேணாம்மா, செத்துருவோம்’னு. மேஸ்திரி சொன்னான். நீ சொல்லலயே. எங்கிட்டச் சொல்லாம திருட்டுச் சாவி செஞ்ச.”

நியாயமான கேள்விதான். நான் ஒருநாள் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரா என்று தெரியாது. சொல்லவே இல்லை என்பது மட்டும் தெரியும். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஜீப்புச் சாவிய வச்சுட்டுப் போ. இன்னொன்னு செஞ்சு வச்சிருந்தா அதையும் வச்சிரு.”

போடியில் ஜீப்புகள் நிற்கும் இடத்தில் ஒரு வாரத்துக்குள் எனக்குப் பெயர் விழுந்துவிட்டது. “வாய்யா, கள்ளச்சாவி” என்பார்கள். பேச்சிதான் பாவம், எல்லோரிடமும் நடந்ததைச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நாலு பேரைக் காப்பாற்றினான் என்பதைக் கேட்டுக்கொள்வார்கள். சாவி வைத்திருந்தான் என்பதைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். அடுத்த ஆடி வரைக்கும் லாரிகளில் மூடை தூக்கினேன். யாரும் ஸ்டியரிங்கைத் தரவில்லை.

பிறகு தேவாரத்துப் பக்கம் தோட்டம் வைத்திருந்த ஒருவர் கூப்பிட்டார். பெரிய மீசை, சிரித்த முகம். நான் போய் நின்றதும், “ஒன்னப் பத்தி அந்தம்மாகிட்டக் கேட்டேன்ப்பா” என்றார். எனக்குக் கால் திரும்பிவிட்டது. அப்படியே வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

“என்ன சொல்லுச்சு தெரியுமா? ‘அவனுக்குச் சாவி கொடுக்க வேண்டியதில்ல, அவனே செஞ்சுக்கிருவான். ஆனா ஒண்ணும் எடுக்க மாட்டான்’னுச்சு.”

சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். ஜீப்புச் சாவியைத் தூக்கிப் போட்டார். அந்தப் பேச்சில் எந்தப் பாதியைக் கேட்டு என்னைச் சேர்த்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அவருடைய ஸ்டோர்ச் சாவி மட்டும் கடைசி வரை என் கண்ணில் படாத இடத்தில்தான் இருந்தது.

அந்த அம்மாவைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நன்றி சொல்லலாம் என்று நினைத்தேன். போவதற்கு நாலைந்து மாதம் ஆனது. ஒரு மத்தியானம் போய் வாசலில் நின்றேன்.

“என்ன சோலியா வந்த?”

“சும்மாதாம்மா. பாத்துட்டுப் போகலாம்னு.”

“சும்மா யாரும் வர மாட்டாங்க.” என் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தார். வேறு யாரும் இல்லை. “அந்தத் தேவாரத்துக்காரன் டிரெய்லர் வச்சிருக்கானா?”

“ஆமாம்மா.”

“பூட்டு?”

“வெறும் பின்னுதாம்மா.”

“முட்டாப்பய” என்றார். சொல்லிவிட்டு உள்ளே பார்த்து, “காப்பி கொண்டா” என்றார்.

வெள்ளி டம்ளரில் காப்பி வந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் எதிரே உட்கார்ந்தார். சூடாக இருந்தது, ஊதி ஊதிக் குடிக்க வேண்டியிருந்தது. நன்றி சொல்ல வேண்டும் என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர் கண் டம்ளரிலேயே இருப்பது தெரியும். மறுபடி ஒரு மடக்குக் குடித்துக்கொள்வேன். முழுவதும் குடித்து முடித்து, டம்ளரை அவருக்குப் பக்கத்தில் இருந்த மேசையில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் அவர் என் முகத்தைப் பார்த்து, “பொண்டாட்டி நல்லா இருக்காளா?” என்று கேட்டார்.